முடிவை ஏற்கப் பழகுதல்: குமரி மாவட்டத்து வழக்கங்களிலிருந்து ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டாலும், நெடுங்காலம் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், பாகம் பிரித்ததில் பிறந்து வளர்ந்த வீடு வேறு கைக்குப் போனாலும், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தோன்றியது மறையத்தான் செய்யும், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பார்கள். மனத்தை எப்படித் தேற்றுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்து மரபு அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. அந்த விடை தத்துவ விளக்கங்களில் கிடைப்பதைவிடத் தெளிவாக, நாள், திதி, எள், நீர், ஓலை, நெற்கதிர் ஆகியவற்றோடு கைவேலையாகவே நம் மாவட்டத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. மனம் ஒப்பிய பிறகு செய்யலாம் என்று மரபு காத்திருப்பதில்லை. செய்யத் தொடங்கினால் மனம் தானே பின்னால் வந்து சேரும் என்பதே அதன் கணக்கு. கீழே சொல்லப்படுபவை அந்தக் கணக்கை ஒட்டியவை. இவற்றைப் பின்பற்ற ஆழ்ந்த பக்தி வேண்டும் என்பதில்லை, பொறுமை வேண்டும்.

சங்கல்பத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

எந்தப் பூசையானாலும் தர்ப்பணமானாலும் தொடக்கத்தில் சங்கல்பம் உண்டு. புரோகிதர் அதை வேகமாகச் சொல்லிக்கொண்டு போக, நாம் விரலில் போட்ட பவித்திரத்தைச் சரிசெய்வதிலோ, பின்னால் நிற்பவர் தட்டை எங்கே வைத்தார் என்று பார்ப்பதிலோ கவனமாயிருந்து, அதைத் தவறவிடுகிறோம். பிரமனுடைய ஆயுளின் இரண்டாம் பாதியில், சுவேதவராக கல்பத்தில், வைவஸ்வத மன்வந்தரத்தில், 28-ஆவது கலியுகத்தின் முதல் பாதத்தில் என்று அது தொடங்கும். பிறகு ஆண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று படிப்படியாக இறங்கி, இன்ன ஊரில் இன்னாருடைய மகனாகிய நான் இன்னாருக்காக இதைச் செய்கிறேன் என்ற இடத்தில் வந்து நிற்கும். கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள்; நான்கு யுகங்களும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டுகள்; அது ஆயிரம் முறை சுழன்றால் பிரமனுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டுகள். அவனுக்கு இரவும் அதே அளவு. அந்த இரவில் உலகங்கள் ஒடுங்கிக் கிடந்து, விடிந்ததும் மறுபடியும் வெளிப்படும் என்பது புராணக் கணக்கு.

இவ்வளவு பெரிய எண்களைச் சொல்லி நம் துயரத்தைச் சிறிதாக்குவதுதான் நோக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 432 கோடியில் தொடங்கிய வாக்கியம் உங்கள் தந்தையின் பெயரில் முடிகிறது என்றால், அந்தப் பெயருக்கு அத்தனை பெரிய காலத்திற்குள் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது என்றுதான் பொருள். ஆகையால் அடுத்த முறை புரோகிதரிடம் சங்கல்பத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி கேளுங்கள். பொருளையும் கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். சடங்கில் வராத முடிவுகளுக்கு, அதாவது ஓய்வு பெறுதல், கடை மூடுதல், தோப்பை விற்றல் போன்றவற்றிற்கு, நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். ஆண்டு, மாதம், திதி, ஊர், உங்கள் பெயர், எது இன்றோடு முடிந்தது என்ற ஒரு வரி ஆகியவை இருந்தால் போதும். கொல்லம் ஆண்டும் சேர்த்து அச்சிட்ட நாள்காட்டி நம் வீடுகளில் தொங்குவதால், விரும்பினால் அதையும் குறிக்கலாம். சித்திரையில் விஷுக்கனி கண்டு, ஆவணியில் கொல்லம் ஆண்டின் பிறப்பையும் நினைவில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு, தொடக்கம் என்பது ஆண்டில் ஒரு முறைதான் வரும் என்ற பிடிவாதம் இருக்க நியாயமில்லை.

புராணங்கள் பிரளயத்தை நான்கு வகையாகச் சொல்கின்றன. பிரமனின் இரவில் வருவது ஒன்று, அவன் ஆயுள் முடிவில் அனைத்தும் மூலப்பகுதி எனப்படும் முதற்பொருளில் ஒடுங்குவது ஒன்று, ஞானத்தால் உயிர் பிறவியிலிருந்து முற்றாக விடுபடுவது ஒன்று. நான்காவது நித்தியப் பிரளயம். உயிர்களிடத்து அன்றாடம் நடந்துகொண்டே இருக்கும் ஒடுக்கம் அது. உறக்கத்தையும் அதில் சேர்ப்பார்கள். பழகுவதற்கு ஏற்றது இந்த நான்காவதுதான். இரவு விளக்கணைக்கும்முன் அன்றைக்கு முடிந்துபோன ஒன்றைப் பெயர் சொல்லி நினைத்துவிட்டுப் படுக்கலாம். மருந்துக் குப்பி தீர்ந்தது, பேத்தி விடுமுறை முடிந்து கிளம்பினாள் என்ற அளவில் இருந்தாலே போதுமானது. பெரிய முடிவு வந்து நிற்கும்போது இந்தச் சிறு பழக்கம் கைகொடுக்கும்.

அழித்தல் என்பது இளைப்பாற்றல்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒரே இலிங்கத் திருமேனியில் வழிபடப்படுகின்றனர். படைப்பவருக்குக் கொடுக்கும் மாலையை அழிப்பவருக்குக் கொடுக்காமல் இருக்க அங்கே வழியில்லை. மூன்று தொழில்களையும் ஒரே இடத்தில் கும்பிடும் இந்தப் பழக்கத்திற்குப் பின்னால் இருக்கும் கருத்தைச் சைவ சித்தாந்தம் மிகத் துல்லியமாக வைக்கிறது. இறைவனின் தொழில்களைப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தாக எண்ணி, அவற்றுள் அழித்தலை இளைப்பாற்றல் என்று அது விளக்கும். வினைகளை நுகர்ந்து நுகர்ந்து களைத்துப்போன உயிருக்கு உடலையும் கருவிகளையும் ஒடுக்கி ஓய்வு கொடுப்பதே சங்காரம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பதால், ஒடுங்கியது தன் காரணத்தில் நிற்கிறதே தவிர ஒழிந்துபோவதில்லை. உயிர்கள் தொடக்கத்தில் புலப்படாதவை, நடுவில் புலப்படுபவை, முடிவில் மீண்டும் புலப்படாதவை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்வதும் இதற்குப் பக்கத்தில் நிற்கும் கருத்துதான்.

இதை நடைமுறையில் பயன்படுத்தும் வழி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது. முடிந்துபோன இதில் எது களைத்திருந்தது? நெடுநாள் படுக்கையில் கிடந்த பாட்டியின் உடல் களைத்திருந்தது. வருமானம் வராத கடையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் களைத்திருந்தன. விடையை இரண்டு மூன்று வரிகளில் எழுதிப் பாருங்கள். துக்கம் குறையாது, ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குற்றவுணர்ச்சி பெரும்பாலும் தளரும். இளம் வயதில் நேர்ந்த மரணத்திற்கும், விபத்திற்கும், கொலைக்கும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோகக் கூடாது. அவற்றிற்கு மரபு வேறு வழி வைத்திருக்கிறது, அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லாம் சுழற்சி, ஒன்று போனால் ஒன்று வரும் என்று இப்போது இனிப்பாகப் பேசப்படுவது முழுமையான இந்துக் கருத்து அன்று. சுழற்சி இயல்பானது என்று மரபு ஒப்புக்கொள்கிறது; அதையே இலட்சியமாகக் கொண்டாடுவதில்லை. அதிலிருந்து விடுபடுவதையே இறுதிப் பேறாக வைத்தது. காரைக்கால் அம்மையார் இறவாத இன்ப அன்பை வேண்டிய பின் பிறவாமையைத்தான் வேண்டினார். பிறப்பு உண்டாகுமானால் இறைவனை மறவாமை வேண்டும் என்று அடுத்தபடியாகக் கேட்டார். நம் மாவட்டத்திலேயே, சாமித்தோப்பை மையமாகக் கொண்ட ஐயாவழி மரபு, கலியுகத்தை அடுத்து வரும் தர்மயுகம் முடிவின்றி நிலைக்கும் என்று நம்புகிறது. ஆகவே இழப்பில் இருப்பவரிடம் இன்னொன்று வரும் என்று உறுதி சொல்வதைவிட, அம்மையாரைப் போல இரண்டு படியாக வேண்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வது பொருத்தமாக இருக்கும். இது போகட்டும், போகாவிட்டால் இதைத் தாங்கும் நினைவாவது தங்கட்டும்.

மரணத்திற்குப் பின் உள்ள நாள்களை முழுதாகப் பயன்படுத்துங்கள்

இறந்த வீட்டில் செய்ய வேண்டியவற்றை மரபு ஒரே நாளில் கொட்டிவிடாமல் நாள்களாகப் பிரித்திருப்பதில் நுட்பம் இருக்கிறது. நீர்மாலை எடுப்பதும் வாய்க்கரிசி இடுவதும் உறவினர் அனைவரின் கைகளுக்கும் வேலை கொடுக்கின்றன. சுடுகாட்டில் கொள்ளி வைப்பவர் தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் சுமந்து மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஒரு துளை இடப்படும். நீர் முதுகுப்புறமாக ஒழுகி வேட்டியை நனைத்து மண்ணில் இறங்கும். மூன்றாவது சுற்றின் முடிவில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்துவிட்டு, கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். முடிவு என்பது ஒரேயடியாக நிகழ்வதில்லை, ஒழுகி ஒழுகித்தான் நிகழ்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்த விளக்கமும் உடலுக்குப் புரியவைத்ததாக நான் அறியேன்.

அதன் பிறகு எலும்பு பொறுக்கும் காடாற்று அல்லது சஞ்சயனம், சாம்பல் கரைத்தல், பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் என்று தொடரும்; சமுதாயத்துக்குச் சமுதாயம் நாள்கணக்கும் பெயரும் மாறும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டு விளையிலேயே, அதாவது வீட்டை ஒட்டிய தோட்டத்திலேயே, தகனம் செய்யும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலர் அந்த இடத்தில் நவதானியம் விதைப்பதும் தென்னம்பிள்ளை நடுவதும் வழக்கம். இந்த நாள்களில் நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, எந்த நாளில் எந்தச் சடங்கு என்பதை வீட்டில் உள்ள மூத்த அத்தையிடமோ மாமாவிடமோ கேட்டு எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாத திகைப்பு துக்கத்தை இரட்டிப்பாக்கும். அடுத்து, விடுப்பு இல்லை என்ற காரணத்தால் பதினாறையும் மூன்றாம் நாளிலேயே சுருக்கி முடிக்கும் புதிய பழக்கத்தை, தவிர்க்க முடியாதவர்கள் தவிர மற்றவர்கள் கைக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. செலவைச் சுருக்குங்கள், பந்தலைச் சுருக்குங்கள், சாப்பாட்டு இலைகளின் எண்ணிக்கையைச் சுருக்குங்கள், நாள்களைச் சுருக்காதீர்கள்.

இந்தச் சடங்குகளில் புதுப்பித்தல் என்ற கருத்து மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் சபிண்டீகரணம். இறந்தவருக்காகப் பிடித்த பிண்டத்தை மூன்றாகப் பகுத்து, அவருடைய தந்தை, பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிண்டங்களோடு சேர்ப்பார்கள். தர்ப்பணத்தில் பெயர் சொல்லி நீர் பெறுவது மூன்று தலைமுறை மட்டுமே. ஆகவே உங்கள் தந்தை அந்த வரிசையில் சேரும்போது, இதுவரை அவர் நீர் வார்த்துவந்த அவருடைய பூட்டன் வரிசையிலிருந்து விடைபெற்று, பெயரில்லாத முன்னோர் கூட்டத்தில் கலக்கிறார். முன்னோரும் நிலையாக அமர்ந்திருப்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டில் சபிண்டீகரணம் நடக்கும்போது பிள்ளைகளை விளையாட அனுப்பிவிடாமல் பக்கத்தில் உட்காரவைத்து, யார் சேர்கிறார், யார் விலகுகிறார் என்று பெயர்களைச் சொல்லிக் காட்டுங்கள். பூட்டனின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால் அன்றைக்கே உறவினரைக் கேட்டு எழுதிவைக்கலாம். பழைய ஆதாரங்களிலும் பத்திரங்களிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு பாலாலயம்

ஒன்று முடிந்த உடனே அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம் நம் காலத்திற்கே உரியது. கோயில்களில் அப்படிச் செய்வதில்லை. திருப்பணி தொடங்கும்முன் மூலவரின் சக்தியைக் கும்பத்திற்கு மாற்றி, அங்கிருந்து ஒரு பலகையிலோ சிறிய திருவுருவிலோ எழுந்தருளச் செய்து, பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் வைத்து வழிபடுவார்கள். இதுவே பாலாலயம். பணி முடியும்வரை அன்றாடப் பூசை அங்கே எளிமையாக நடக்கும். பெரிய திருவிழாக்கள் இருக்காது. கும்பாபிஷேகத்தின்போது சக்தி மீண்டும் மூலவருக்குத் திரும்பும். பொதுவாக 12 ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும் என்பது மரபு. இதற்குக் கண்ணால் காணக்கூடிய காரணமும் ஒன்று உண்டு. திருமேனியைப் பீடத்தோடு இணைக்கும் அஷ்டபந்தன மருந்து, கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவிக்கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்து இடித்துச் செய்யப்படுவது. இடிக்க இடிக்க இளகிவரும் அந்த மருந்து பீடத்தில் வைத்தபின் இறுகிவிடும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதுவும் தேய்ந்து விரிசல் விடும். தெய்வத்தை நிலைநிறுத்தும் பிணைப்புக்கே ஆயுள் குறித்துவைத்த மரபு இது. ஆனால் எப்போதும் காலத்தில் நடந்துவிடுகிறது என்று சொல்லிவிட முடியாது. நம்மாழ்வார் பாடிய திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 2022 ஜூலை 6 அன்று நடந்த கும்பாபிஷேகம் 418 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. தாமதம் ஆகிவிட்டதே என்று தயங்குபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கும், துணையை இழந்தவர்களுக்கும், ஊர் மாறியவர்களுக்கும் இந்த முறையை அப்படியே பரிந்துரைப்பேன். பழைய வாழ்க்கையின் ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்து, அதை அதே நேரத்தில் சிறிய அளவில் தொடர்ந்து செய்யுங்கள். பள்ளி ஆசிரியராக இருந்தவர் காலை ஒன்பதரை மணிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒருவருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கலாம்; மனைவியோடு மாலையில் கோயிலுக்குப் போய்வந்தவர் அந்த நேரத்தில் வீட்டு வாசலில் விளக்காவது ஏற்றலாம். இந்தக் காலத்தில் வீட்டை விற்பது, சேமிப்பை எல்லாம் புதிய தொழிலில் போடுவது, மகனோடு நிரந்தரமாகப் போய்விடுவது போன்ற பெரிய முடிவுகளை எடுக்க வேண்டாம். பாலாலயத்தில் தேரோட்டம் இல்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த இடைக்காலம் எப்போது முடியும் என்பதற்கு ஒரு நாளைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுவது. தலைத்திதி, அடுத்த தைப் பிறப்பு, அடுத்த சிவராத்திரி என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும். நாள் குறிக்காத பாலாலயத்தில் தெய்வம் பல்லாண்டு தங்கிவிடுவதைக் கண்டிருக்கிறோம். மனிதர்களும் அப்படித் தங்கிவிடுவார்கள்.

நாகர்கோவில் நாகராஜா கோயில் கருவறையின் மேல் இருப்பது ஓலைக் கூரை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அதைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். கல்லால் கட்டத் தெரியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். பக்கத்திலேயே கல் மண்டபங்கள் நிற்கின்றன. கெட்டுப்போகும் பொருளைத் தெரிந்தே தலைக்குமேல் வைத்து, அதைப் புதுப்பிப்பதையே வழிபாடாக்கியிருக்கிறார்கள். அங்கே பிரசாதமாகத் தரப்படும் புற்றுமண் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் நிறம் மாறும் என்பதும் பக்தர்களின் நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் ஆண்டுக்கொரு முறை மாற்றியே தீர வேண்டிய ஒரு பொருளை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மிகவும் ஏற்றது நிறைபுத்தரிசி நெற்கதிர். ஆடியில் கோயிலில் பூசித்துக் கொடுக்கும் கதிரை வாங்கிவந்து நிலைப்படியிலோ பூசை அறையிலோ கட்டி, சென்ற ஆண்டுக் கதிரை அவிழ்த்துப் பறவைகளுக்குப் போடலாம். பழையதை அவிழ்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். புதியதைக் கட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும், அவிழ்க்கத்தான் பழக்கம் வேண்டும்.

வயலும் விளையும் கற்றுத்தருபவை

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லை அறுத்த கையோடு கும்பப்பூ என்ற அடுத்த போகத்துக்கு உழுகிறோம் என்பதால், முடிவும் தொடக்கமும் இங்கே பேச்சிலேயே கலந்திருக்கின்றன. இருந்தாலும் நுணுக்கமாகக் கவனிக்கத்தக்கது வாழை. குலை வெட்டிய தாய் வாழையை அன்றைக்கே மூட்டோடு தறித்துவிடுவது தவறு. பாதி உயரத்திற்குத் தண்டை நிற்கவிட்டால் அதில் இருக்கும் நீரும் சத்தும் கிழங்கு வழியாகப் பக்கக் கன்றுக்கு இறங்கும். பிறகு சிறிது சிறிதாகத் தறித்துக்கொண்டு வரலாம். கன்றுகளில் ஈட்டிபோல் குறுகிய இலை விட்டிருப்பதை ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். எல்லாக் கன்றுகளையும் ஆசையால் விட்டுவைத்தால் எதுவும் தேறாது. பொறுப்பை அடுத்த தலைமுறைக்கு மாற்றிக்கொடுக்கும் முதியவர்கள் இதில் பார்க்க வேண்டியது வேகத்தை. சாவிக்கொத்தை ஒரே நாளில் கொடுத்துவிட்டு மூலையில் உட்காருவதும் சரியில்லை, கடைசிவரை இடுப்பிலேயே செருகிவைத்திருப்பதும் சரியில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் பெருமளவில் சாய்ந்தன. வாழையை மறு ஆண்டே பார்க்கலாம். ரப்பர் பால் வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வேண்டும். அந்த இடைவெளியில் முதல் சில ஆண்டுகளுக்கு வரிசைகளுக்கு நடுவே அன்னாசியும் வாழையும் நடுவது இங்கே வழக்கம். எல்லாப் புதுப்பித்தலுக்கும் ஒரே கால அளவு இல்லை என்பதை மறந்து, பக்கத்து வீட்டார் தேறிவிட்டார்களே என்று யாரும் தம்மை அளந்துகொள்ள வேண்டியதில்லை.

திரும்பி வராதவற்றுக்கு

இனி, முன்பு ஒதுக்கிவைத்த பகுதிக்கு வருவோம். நின்றுபோன திருமணம், இளம் பிள்ளையின் மரணம், அநியாயமாக நேர்ந்த சாவு ஆகியவற்றை இயற்கையின் சுழற்சி என்று சொல்லி ஏற்கச் சொல்வது கொடுமை. மரபும் அப்படிச் சொல்லவில்லை. அதற்குச் சான்று மாவட்டத்தின் பெயரிலேயே நிற்கும் அம்மன். குமரிக்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நள்ளிரவு முகூர்த்தத்தில் திருமணம் நிச்சயமாயிருந்தது. பாணாசுரன் ஒரு கன்னியின் கையால்தான் மடிய வேண்டும் என்பதால் நாரதர் சேவலாகிக் கூவினார். விடிந்துவிட்டது என்று எண்ணி மணமகன் வழியிலேயே திரும்பிவிட்டார். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப்போயின என்பது தலபுராணம். கடற்கரையில் பல நிறத்து மணலைப் பொட்டலம் கட்டி விற்பவர்கள் இன்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கதை அந்தத் திருமணத்தைப் பின்னால் எங்கும் நடத்தி முடித்து நம்மை மகிழ்விக்கவில்லை. அரிசி அரிசியாகத் திரும்பவில்லை, மூக்குத்தி ஒளிர அம்மன் கன்னியாகவே நிற்கிறாள், நாள்தோறும் அலங்காரமும் பூசையும் குறைவில்லாமல் நடக்கின்றன. நிறைவேறாத ஒன்றை நிறைவேறாததாகவே வைத்துக்கொண்டு முழு மரியாதையோடு வாழ முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேண்டியதில்லை. திருமணம் முறிந்த பெண்ணிடம் வேறு வரன் வரும் என்று பேச்சைத் தொடங்கும் உறவினர்கள், கொஞ்ச காலம் அந்தப் பேச்சை நிறுத்திவைத்தாலே பெரிய உதவி.

அநியாயச் சாவுகளுக்குக் கொடைவிழா ஒரு வழி. நம் பக்கத்து நாட்டார் தெய்வங்களில் பலர் கொலையுண்டவர்கள், பழி சுமத்தப்பட்டவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளத் தள்ளப்பட்டவர்கள் என்று அவர்களின் கதைகளே சொல்கின்றன. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் அந்தக் கதையை விடிய விடிய, யார் செய்தது, ஏன் செய்தது என்பதை மறைக்காமல் பாடுகிறார்கள். அந்தச் சாவை விதி என்று மூடிவிடாமல், ஊரே உட்கார்ந்து கேட்கும்படி ஆண்டுதோறும் மறுபடி சொல்வதுதான் அங்கே நடக்கும் புதுப்பித்தல். உங்கள் வீட்டில் இப்படி ஓர் இழப்பு இருந்தால், அதை வெளியில் சொல்லாமல் புதைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, நம்பிக்கையான உறவினரை அழைத்து, நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். வழக்கு இருந்தால் நடத்துங்கள். ஏற்றுக்கொள்வதும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

ஆண்டுதோறும் வரும் நாள்

திதி கொடுக்கும் நாளை முதல் ஆண்டிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். மாதமும் பட்சமும் திதியும் பார்ப்பவர்கள் உண்டு. மேற்குத் தாலுகாக்களில் இறந்த நாளின் நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றும் பார்த்து இரண்டு நாளில் செய்யும் குழப்பத்தைத் தவிர்க்க, பதினாறாம் நாளிலேயே இதைப் பேசி முடித்துவிடலாம். தனித் திதி செய்ய முடியாதவர்களுக்கு ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் இருக்கின்றன. ஆடி வாவு எனப்படும் ஆடி அமாவாசை அன்று கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்திலும் குழித்துறை ஆற்றங்கரையிலும் பெருங்கூட்டம் கூடும். முதியவர்களை அழைத்துப் போவதானால் விடிவதற்கு முன்பே போய்ச் சேருவது நல்லது, கன்னியாகுமரியில் ஈரப் பாறையில் கை பிடித்து இறக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தெற்கு நோக்கி அமர்ந்து எள்ளும் நீரும் விட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொன்னால் போதும் என்பதே பெரும்பாலான புரோகிதர்கள் தரும் அனுமதி. தர்ப்பணத்தின் இறுதியில், நீர் வார்க்கத் தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாதவர்களுக்கும் என்று சொல்லி ஒரு முறை நீர் விடும் பகுதி வரும். வரிசை நீளம் என்று அதை விட்டுவிட வேண்டாம்.

துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மரண வீட்டில் தத்துவம் பேசாதீர்கள்; கீதையில் கண்ணன் ஆன்மாவைப் பற்றி விளக்கியது, அருச்சுனன் தானே வாய்விட்டு வழி கேட்ட பிறகுதான். கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வரும் வழக்கத்தைப் பின்பற்றுங்கள், ஆனால் பதினாறு முடிந்து பந்தல் பிரித்த பின் ஒரு முறை கட்டாயம் போங்கள். அப்போதுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு மாற்றம் என்ற வேலைகள் வரிசையாக நிற்கும், வீட்டிலும் ஆள் இருக்காது. எந்த அலுவலகத்திற்கு எந்த நகல் வேண்டும் என்று விசாரித்து, தேவையான நகல்களை எடுத்துக்கொடுத்து, அவர்களுடன் பேருந்தில் போய்வருவது நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் முதலாவது.